வீட்டுக் கணினியும் யு.பி.எஸ்.ஸும்: வாசகர் கேள்வி-பதில்

வீட்டுக் கணினிக்கு யு.பி.எஸ். (மின்சாரம் நின்றதும் பேட்டரியிலிருந்து கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வைத்திருப்பவர்கள் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘எத்தனை நிமிடம் தாங்கும்’ என்றே கேட்கின்றன. ‘இரவும் பகலும் இது ஓடிக்கொண்டிருப்பது பாதுகாப்பானதா’ என்று கேட்டவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலருக்கே இங்கே கூடுதல் இடம் தந்திருக்கிறோம்.

வாங்கி மூன்று ஆண்டுகள் ஆன 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) யு.பி.எஸ். என்னிடம் இருக்கிறது. தொடக்கத்தில் கால் மணி நேரம் தாங்கியது. இப்போது மின்சாரம் நின்றால் கணினியோடு சேர்ந்து அதுவும் அணைந்துவிடுகிறது. பேட்டரி மாற்றினால் போதும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
(வாசகர், மதுரை)

நம்பலாம். இந்த வகை யு.பி.எஸ்.ஸுக்குள் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி, அதாவது மின்சாரத்தைத் தேக்கும் திறன்) அளவுள்ள, அடைத்து மூடிய ஈய-அமில பேட்டரி, கடைகளில் எஸ்.எம்.எஃப். பேட்டரி என்று கேட்டால் கொடுப்பார்கள். அதற்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை ஆயுள் என்று உற்பத்தியாளர்கள் சொல்வது, சுற்றுப்புற வெப்பநிலை 20 முதல் 25 டிகிரிக்குள் இருக்கும் இடத்துக்கான கணக்கு. அதற்கு மேல் ஏறத்தாழ பத்து டிகிரி கூடினாலே ஆயுள் பாதியாகக் குறையும். மதுரை வெயிலில், மேசைக்கடியில் சுவரை ஒட்டி, தன் மின்மாற்றியின் சூட்டையும் தானே தாங்கிக்கொண்டு உங்கள் பேட்டரி மூன்று ஆண்டுகள் உழைத்திருக்கிறது என்றால் அது குறை சொல்லத்தக்கதன்று.

நிமிடக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 7 ஏ.எச். என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக, அதாவது 0.35 ஆம்பியர் வீதம், இறக்கினால் கிடைக்கும் அளவு. கணினியும் திரையும் சேர்ந்து 150 வாட் எடுக்கும்போது பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 15 ஆம்பியர் வெளியேறுகிறது. அந்த வேகத்தில் இறக்கினால் எழுதியிருக்கும் அளவில் பாதிக்குச் சற்று மேல்தான் கைக்கு வரும். எனவே புத்தம்புதிய பேட்டரியிலும் பத்து, பதினைந்து நிமிடங்களுக்கு மேல் எதிர்பார்க்க இயலாது. வேலையைச் சேமித்துவிட்டுக் கணினியை முறையாக அணைப்பதற்கு அது போதும். இந்தச் சிறிய பெட்டி அதற்காகத்தான் செய்யப்படுகிறது.

புதிய பேட்டரி வாங்கும்போது அதன் மேல் அச்சிட்டிருக்கும் உற்பத்தி மாதத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடை அலமாரியில் ஓராண்டாகச் சார்ஜ் ஏற்றப்படாமல் கிடந்த பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து, முதல் நாளிலேயே அதன் வலு குறைந்திருக்கும். பொருத்தியபின் ஓர் இரவு முழுவதும் சார்ஜ் ஏற விட்டுப் பிறகு கணினியை இணைப்பது நல்லது.

யு.பி.எஸ்.ஸைத் திறந்து பார்த்தபோது பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தன. இழுத்தாலும் வெளியே வரவில்லை. அறையில் சில நாட்களாக முட்டை அழுகியதுபோல ஒரு வாடையும் இருக்கிறது. ஆனால் யு.பி.எஸ். வேலை செய்கிறது. அப்படியே விடலாமா?
(வாசகி, திருநெல்வேலி)

இதைப் படித்து முடித்ததும் அதை அணைத்துவிட்டு, சுவர் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

அந்த வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவினுடையது. பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும்போது உள்ளே நீர் பிரிந்து ஹைட்ரஜன் உண்டாகும். சூடு மிகுந்த நிலையில் இந்த நச்சு வாயுவும் சேர்ந்துகொள்ளும். ஹைட்ரஜன் காற்றில் நான்கு விழுக்காடு கலந்தாலே ஒரு சிறு பொறியில் பற்றிக்கொள்ளக்கூடியது. பழைய பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது சூடு உண்டாகிறது; சூட்டினால் அது இன்னும் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது; அதனால் மேலும் சூடாகிறது. இந்தச் சுழல் தொடங்கியதன் அடையாளமே உப்பல். உறை இளகிப் பிதுங்கியிருப்பதால்தான் பேட்டரி வெளியே வர மறுக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம். உறை விரிசல் விட்டால் அமிலம் கசியும். இரும்பு முனை இரண்டு முனையங்களையும் ஒருசேரத் தொட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடி, அந்த இரும்பே பழுக்கக் காய்ந்துவிடும். பழுது பார்ப்பவரிடம் பெட்டியோடு கொடுத்துவிடுவதே முறை.

அவரிடம் ஒரு வேலையை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். பேட்டரியை மாற்றியபின், அது முழுதாகச் சார்ஜ் ஆன நிலையில், முனையங்களுக்கிடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 13.5 முதல் 13.8 வோல்ட் வரை காட்டினால் சரி. 14.5, 15 என்று நிலையாக நின்றால் சார்ஜ் செய்யும் பகுதியிலேயே கோளாறு இருக்கிறது. புதிய பேட்டரியும் சில மாதங்களில் இதே கதிக்கு ஆளாகும். உப்பிய பேட்டரியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யாமல் அனுப்புவது பரவலாக நடக்கிறது.

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது. பழையதைக் கொடுத்தால் ஈயத்தின் எடைக்கு ஏற்பக் கடைக்காரரும் விலையில் கழித்துக்கொள்வார்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தும் மின்சாரம் மாலையில்தான் வருகிறது. சிறிய பேட்டரிக்குப் பதிலாகக் காரின் பேட்டரியை வெளியிலிருந்து இணைத்தால் மூன்று மணி நேரம் தாங்கும் என்று காணொலியில் பார்த்தேன். செய்யலாமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

செய்ய வேண்டாம். தாங்கும் என்பது உண்மை. அதில்தான் ஆபத்தே இருக்கிறது. சிறிய யு.பி.எஸ்.ஸின் மின்மாற்றியும் டிரான்சிஸ்டர்களும் அவற்றின் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடும், பத்து நிமிடங்களில் பேட்டரி தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில் அளவெடுத்துச் செய்யப்பட்டவை. பல மாடல்களில் விசிறிகூட இல்லை. பேட்டரி தீர்ந்து தானே அணைவதுதான் அந்தப் பெட்டிக்கு இயல்பாக அமைந்த வெப்பப் பாதுகாப்பு. மூன்று மணி நேரம் ஓட வைத்தால் மின்மாற்றியின் சுருளில் பூசிய வார்னிஷ் கருகும். அதற்கடுத்து பிளாஸ்டிக் உறை.

சார்ஜ் ஏற்றுவதிலும் சிக்கல் உண்டு. உள்ளே இருக்கும் சார்ஜர் ஓர் ஆம்பியர் அளவில்தான் கொடுக்கும். முழுவதும் இறங்கிய 60 ஏ.எச். கார் பேட்டரியை நிரப்ப அதற்கு இரண்டரை நாட்களுக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த மின்தடை வந்துவிடும். தவிரவும், கார் பேட்டரி என்பது இஞ்சினைக் கிளப்ப ஒருசில நொடிகள் பெரும் மின்னோட்டம் தருவதற்கானது. அடிவரை இறக்கி ஏற்றினால் சீக்கிரமே வீணாகும்.

காணொலிகளில் சொல்லாமல் விடும் இன்னொன்றும் உண்டு. சில மலிவான மாடல்களில் பேட்டரிக் கம்பிகள் வீட்டு மின்சாரத்திலிருந்து மின்காப்பால் பிரிக்கப்பட்டிருப்பதில்லை. பேட்டரி உறைக்குள் இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. அந்தக் கம்பிகளை வெளியே இழுத்துத் தரையில் வைத்த பேட்டரியில் மாட்டினால், 12 வோல்ட்தானே என்று தொடுபவருக்கு 230 வோல்ட் அதிர்ச்சி கிடைக்கக்கூடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

நீண்ட நேரம் வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த வீட்டு இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியும்தான் வழி. கணினியும் திரையும் 120 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டு அவற்றுக்கு மட்டுமே பயன்படுத்தினால், புதிய டியூபுலர் பேட்டரி ஒரு பகல் பொழுதைத் தள்ளிவிடும். காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, குறையும்போது காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும்.

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. பிறகும் கணினிக்குத் தனி யு.பி.எஸ். தேவையா? மின்சாரம் நிற்கும்போது சில நாள் கணினி அணைந்து மீண்டும் தொடங்குகிறது, சில நாள் அணைவதில்லை.
(வாசகர், தஞ்சாவூர்)

உங்கள் இன்வெர்ட்டரின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ ‘யு.பி.எஸ்.’ என்றும் ‘நார்மல்’ அல்லது ‘ஈகோ’ என்றும் இரு நிலைகள் கொண்ட சிறிய சுவிட்ச் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். கணினியின் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பகுதி) முழுச் சுமையில் ஏறக்குறைய 16 மில்லி நொடிகள் வரை மின்சாரமின்றித் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது பொதுவான வடிவமைப்பு விதி. யு.பி.எஸ். நிலையில் இன்வெர்ட்டர் இந்த அளவுக்குள், பெரும்பாலும் பத்து மில்லி நொடிகள் அளவில், பேட்டரிக்கு மாறிவிடும். நார்மல் நிலையில் அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் அது ஒரு பொருட்டில்லை. சில நாள் அணைவதும் சில நாள் அணையாததும், அந்த நொடியில் கணினி எவ்வளவு மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தது என்பதைப் பொறுத்தது. எஸ்.எம்.பி.எஸ். பழையதாகி அதன் மின்தேக்கிகள் வற்றியிருந்தால் தாக்குப்பிடிக்கும் நேரமும் குறையும்.

சுவிட்சை மாற்றியபின் சரியாகிவிட்டால், சைன் அலை (வீட்டு மின்சாரத்தைப் போன்ற சீரான அலை) தரும் இன்வெர்ட்டர் உள்ளவர்களுக்குத் தனி யு.பி.எஸ். கட்டாயமன்று. பழைய சதுர அலை இன்வெர்ட்டரை வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் ஒரு சிறிய யு.பி.எஸ்.ஸை மாட்டினால் வேறொரு தொல்லை வரும். இன்வெர்ட்டர் தரும் அலையை நல்ல மின்சாரமாக யு.பி.எஸ். ஏற்றுக்கொள்ளாமல், உள்ளே ரிலே (தானியங்கிச் சுவிட்ச்) ‘டக் டக்’ என்று அடித்தபடி பேட்டரிக்குப் போவதும் திரும்புவதுமாக இருக்கும். வீட்டுக்கே மின்சாரம் இருப்பதுபோலத் தோன்றும் நேரத்தில் அதன் பேட்டரி நமக்குத் தெரியாமலே தீர்ந்துபோகும்.

கணினிப் பெட்டியைத் தொட்டால் விரல் நுனியில் சுரீரென்று இருக்கிறது. யு.பி.எஸ். வைத்தும் போகவில்லை. யு.பி.எஸ். கெட்டதா?
(வாசகி, சேலம்)

யு.பி.எஸ்.ஸைக் குறை சொல்ல வேண்டாம்; உங்கள் வீட்டில் எர்த் இணைப்பு இல்லை, அல்லது எங்கோ அறுந்திருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின்னிரைச்சலை வடிகட்டும் இரண்டு சிறிய மின்தேக்கிகள், ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக, உலோகப் பெட்டியோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குள் போய்விடும். இல்லையென்றால் பெட்டி 230 வோல்ட்டில் பாதியளவில், அதாவது 115 வோல்ட் வாக்கில், மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுரீரென்பதோடு நிற்கிறது. நாளை உள்ளே ஒரு கம்பியின் காப்பு உரிந்து பெட்டியில் பட்டால், அன்று தொடுபவருக்கு அது வெறும் சுரீராக இருக்காது.

யு.பி.எஸ். புதிதாக எர்த் எதையும் உண்டாக்குவதில்லை. சுவரின் மூன்றாவது துளையிலிருந்து வருவதை அப்படியே தன் பின்புறச் சாக்கெட்டுகளுக்குக் கடத்துகிறது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் சாக்கெட்டில் மாட்ட உதவும் அந்தச் சிறிய அடாப்டரை யாராவது பயன்படுத்தியிருந்தால் முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள். பிறகு எலெக்ட்ரீஷியனை அழைத்து, சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட் வருகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்குள் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெளியே எர்த் குழியையும் பார்க்க வேண்டும். கரியும் உப்பும் போட்ட பழைய குழிகள் கோடையில் வறண்டு போனால் மண்ணின் மின்தடை ஏறிவிடும். அக்காலத்து வீடுகளில் அந்தக் குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதை வழக்கமாகவே வைத்திருந்தார்கள். யு.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் மின்னெழுச்சித் தடுப்பும் (திடீரென எகிறும் வோல்ட்டேஜைத் தடுக்கும் பகுதி) எர்த் சரியாக இருந்தால்தான் முழுப் பயன் தரும்.

இரண்டு கணினிகளுக்கு இரண்டு யு.பி.எஸ். பூட்டிய பிறகு வீட்டு ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது. பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றினால் விழாது என்கிறார் தெரிந்த ஒருவர்.
(வாசகர், யாழ்ப்பாணம்)

விழாதுதான். மேலே சேலத்து வாசகி எழுதிய நிலைமைக்கு நீங்களும் வந்து சேர்வீர்கள். எர்த் கம்பியில் கை வைக்க வேண்டாம்.

ட்ரிப் சுவிட்ச் என்பது மின்கசிவு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச். அது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகையைச் சேர்ந்தது; 15 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே அது விழத் தொடங்கலாம். மேற்சொன்ன வடிகட்டி மின்தேக்கிகளின் வழியே ஒவ்வொரு கருவியும் சிறிதளவு கசிய விடுகிறது. ஒரு கருவிக்கு 3.5 மில்லி ஆம்பியர் வரை தர விதிகள் அனுமதிக்கின்றன. இரண்டு யு.பி.எஸ்., இரண்டு கணினி, திரைகள், குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் எல்லாம் ஒரே ட்ரிப் சுவிட்சின் கீழ் இருந்தால் கூட்டுத்தொகை எல்லையைத் தொட்டுவிடும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு கருவியால் மட்டும் விழுந்தால் அதில் காப்புக் கோளாறு இருக்கிறது. எதைக் கழற்றினாலும் விழாமல் நின்றால் அது கூட்டுக் கசிவுதான். கணினி அறைக்குத் தனி ட்ரிப் சுவிட்ச் போடச் சொல்லுங்கள்.

யு.பி.எஸ். பேட்டரியில் ஓடும் நேரத்தில் அதன் வெளியீட்டுக்கு ட்ரிப் சுவிட்சின் பாதுகாப்பு கிடையாது என்பதையும் அறிந்திருங்கள். அப்போது அந்த மின்சாரம் ட்ரிப் சுவிட்ச் வழியாக வருவதில்லை.

மழைக்காலத்தில் தரைத்தளத்தில் தண்ணீர் புகும் பகுதியில் இருக்கிறோம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் பயமில்லைதானே?
(வாசகர், முடிச்சூர், சென்னை)

யு.பி.எஸ். இருக்கும் வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது. மெயினை அணைத்தால் மின்சாரம் நின்றுவிட்டதென்று அது பேட்டரிக்கு மாறி, பின்புறச் சாக்கெட்டுகளில் 230 வோல்ட்டைத் தொடர்ந்து தந்துகொண்டிருக்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் உங்கள் பகுதியில் வீடுகளுக்குள் எவ்வளவு நீர் ஏறியது என்பதை நீங்களே அறிவீர்கள். தண்ணீர் வரும் அறிகுறி தெரிந்ததும் மெயினை அணைப்பதோடு யு.பி.எஸ்.ஸின் சுவிட்சையும் அணைத்து, அதைப் பரணிலோ மேசை மேலோ தூக்கி வையுங்கள். சாதாரண நாளிலும் தரையில் வைக்காமல், ஓர் அடி உயரமுள்ள பலகை மேல் வைப்பது உங்களுக்கு ஏற்றது. தண்ணீர் ஏறிய பின்பு நினைவு வந்தால், நீரில் இறங்கி அதைத் தொடப் போக வேண்டாம். நனைந்த யு.பி.எஸ்.ஸை உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாமா என்றால், கூடாது.

லேசர் பிரிண்டரையும் யு.பி.எஸ்.ஸில் மாட்டலாமா?
(வாசகர், விழுப்புரம்)

கூடாது. மையை உருக்கும் உருளை சூடாகும் ஒவ்வொரு முறையும் அது பல நூறு வாட் இழுக்கும். 360 வாட் மட்டுமே தரும் 600 வி.ஏ. யு.பி.எஸ். அதைத் தாங்காது.

பெயர் கேள்விப்படாத யு.பி.எஸ். பாதி விலைக்குக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?
(வாசகர், காஞ்சிபுரம்)

இந்தியாவில் வீட்டுக் கணினிக்கான யு.பி.எஸ்.களுக்கு ஐ.எஸ். 16242 தர விதிப்படி பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். உறையில் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும், பி.ஐ.எஸ்.ஸின் செயலியில் அதைச் சரிபார்க்கலாம். எண் இல்லையென்றால் விலையைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை. அடுத்து, வி.ஏ. எண்ணை விட்டுவிட்டு வாட் எண்ணைத் தேடுங்கள்; உண்மையில் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதை அதுதான் சொல்லும். பெரிய எழுத்தில் வி.ஏ.வை மட்டும் போட்டுவிட்டு வாட்டை எங்குமே குறிப்பிடாத பெட்டியை நான் வாங்க மாட்டேன்.

மடிக்கணினியில்தான் வேலை. மின்சாரம் நின்றால் இணையம் மட்டும் போய்விடுகிறது. ரூட்டருக்கான மினி யு.பி.எஸ். பாதுகாப்பானதா?
(வாசகி, நாகர்கோவில்)

மடிக்கணினிக்குள்ளேயே பேட்டரி இருப்பதால் உங்களுக்குப் பெரிய யு.பி.எஸ். தேவையில்லை. மினி யு.பி.எஸ்.ஸில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. ரூட்டரின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவும் மினி யு.பி.எஸ். தரும் வோல்ட் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. அதில் எழுதியிருக்கும் 10,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) என்பது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் பேட்டரிக்கான கணக்கு; பெருக்கினால் 37 வாட்-மணி. பத்து வாட் எடுக்கும் ரூட்டருக்கு அது மூன்று மணி நேரத்துக்கு மேல் போதும். சூடான ரூட்டரின் தலைமேல் அதை வைக்காதீர்கள். உறை சற்றே பிதுங்கினாலும் பயன்பாட்டை நிறுத்துங்கள்; லித்தியம் தீப்பிடித்தால் ஈய-அமில பேட்டரியைவிட மிக வேகமாகப் பரவும். இத்தனையும் செய்த பிறகு, தெருமுனையில் இணைய நிறுவனம் வைத்திருக்கும் கருவிக்கு பேட்டரி இல்லையென்றால் உங்கள் ரூட்டரின் பச்சை விளக்கு மட்டும் எரியும், இணையம் வராது. வாங்குவதற்கு முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

கணினியை ஓட விட்டு வெளியே போயிருக்கும்போது மின்சாரம் நின்றால்? பேட்டரி தீர்ந்ததும் பாதியில் அணைந்து கோப்புகள் கெடாதா?
(வாசகர், புதுச்சேரி)

கெடக்கூடும். வட்டில் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் அறுந்தால் அந்தக் கோப்பும், சில வேளைகளில் வட்டின் அட்டவணையும் சிதையும். யு.பி.எஸ்.ஸின் பின்புறம் யு.எஸ்.பி. துளை இருந்தால் அதற்குரிய கம்பியால் கணினியோடு இணையுங்கள். விண்டோஸ், பல மாடல்களை மடிக்கணினியின் பேட்டரியைப் போலவே அடையாளம் கண்டுகொள்ளும். பேட்டரி குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பில் ‘ஷட் டவுன்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே ஐந்து விழுக்காடு என்று இருப்பதை நாற்பது, ஐம்பதாக உயர்த்திவிடுங்கள். பழைய பேட்டரி ஐம்பது விழுக்காட்டிலிருந்து ஒரே தாவலில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். லினக்ஸில் ‘நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ்’ என்ற இலவச மென்பொருள் இதே வேலையைச் செய்யும். தனி அடாப்டரில் ஓடும் வெளி ஹார்டு டிஸ்க் இருந்தால் அதன் அடாப்டரையும் யு.பி.எஸ்.ஸிலேயே மாட்ட வேண்டும்.

அமைத்த பின் சோதித்துப் பாருங்கள். திறந்திருக்கும் கோப்புகளையெல்லாம் மூடிவிட்டு, சுவர் சாக்கெட்டின் சுவிட்சை மட்டும் அணையுங்கள். பிளக்கைப் பிடுங்கினால் எர்த்தும் சேர்ந்து போய்விடும். கணினி தானே அணையும்வரை பக்கத்தில் இருந்து, ஆன நிமிடங்களையும் அன்றைய தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி யு.பி.எஸ்.ஸின் மேல் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்து வாருங்கள்; முதலில் எழுதிய நிமிடங்களில் பாதியாகக் குறைந்ததும் பேட்டரியை மாற்றிவிடலாம்.